சுமப்பது காற்று

டயர் கடைக்குள் நுழைகிறவர் முதலில் விசாரிப்பது கம்பெனியை. அடுத்து விலை. அதற்கும் அடுத்து, "எத்தனை கிலோமீட்டர்ணே ஓடும்?" மூன்றுக்கும் கடைக்காரரிடம் பதில் தயாராக இருக்கும். டயரை மாட்டி வெளியே வந்த பிறகு அதற்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன், "எவ்வளவு சார் வைக்கட்டும்?" என்று கேட்டால், "நார்மலா வைப்பா" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கிறோம். அவன் தனக்குத் தெரிந்த நார்மலை வைக்கிறான். நமக்கு முன்னால் நின்ற வேனுக்கும் அதே நார்மல்தான்.

வண்டியைச் சுமப்பது ரப்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரப்பர் வெறும் உறை. பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார். சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 2.25 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 300 கிலோவைத் தாங்க 133 சதுர சென்டிமீட்டர் வேண்டும். கையை விரித்துத் தரையில் வைத்தால் அடைபடும் இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு மொத்தமும் அப்படி நான்கு கைகளின் அளவு. பிரேக் பிடிப்பது, வளைவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாமே அதற்குள் நடந்தாக வேண்டும். சைக்கிளில் இது இன்னும் சிறியது. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, பின் சக்கரத்தில் ஏறக்குறைய 48 கிலோ, காற்று 60 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடும் இடம் பதினொன்றரைச் சதுர சென்டிமீட்டர். பத்து ரூபாய் நாணயங்கள் இரண்டை அருகருகே வைத்தால் அந்த இடம் வந்துவிடும்.

வண்டியில் இன்னும் இரண்டு பேர் ஏறினால் உள்ளே அழுத்தம் கூடிவிடும் என்று தோன்றும். காற்றழுத்த மானியை வைத்து அளந்தால் முள் அசைந்திருக்காது. அழுத்தம் கூடுவதற்குப் பதில், டயர் கொஞ்சம் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. காற்றைக் குறைத்தாலும் இதேதான்: அழுத்தம் போனதைப் பரப்பு ஈடுகட்டுகிறது. அதனால்தான் காற்று குறைந்த டயரும் வண்டியைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. ஓடுவதால் நமக்குச் சந்தேகமும் வருவதில்லை.

அந்தத் தாங்கல் ரிம்முக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது அழகான விஷயம். காற்று ரிம்மை எல்லாப் பக்கமும் ஒரே சீராகத்தான் அழுத்துகிறது. மேலே தூக்கிப் பிடிக்கும் வேலையை அது நேரடியாகச் செய்ய முடியாது. டயரின் பக்கச்சுவருக்குள் ஓடும் இழைகள்தான் அதைச் செய்கின்றன. காற்றால் விறைத்த அந்த இழைகள் ரிம்மைச் சுற்றிலும் வெளிப்புறமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் பிதுங்குகிறது. அங்கே கீழ்நோக்கிய இழுப்பு தளர்கிறது. மேல்பக்க இழுப்பு அப்படியே இருக்கிறது. ஆக, ரிம் கீழிருந்து முட்டுக்கொடுத்து நிற்பதில்லை, மேலிருந்து தொங்குகிறது. நாம் அதில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்கிறோம்.

சக்கரத்தில் காற்றை அடைக்கும் யோசனை முதலில் வந்தது ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு. 1845-இல் காப்புரிமையும் வாங்கினார். குதிரை வண்டிகளுக்கு அன்று அது தேவைப்படவில்லை, உலகம் மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கற்கள் பாவிய தெருவில் கடகடவென்று அதிர்வதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றி, தானும் காப்புரிமை பெற்றார். தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்ததும் டன்லப்பினுடையது செல்லாமல் போயிற்று. ஆனாலும் காலம் இப்போது கனிந்திருந்தது. சைக்கிள் வந்துவிட்டது, அதன் முதுகில் ஏறி டயரும் வந்துவிட்டது.

டன்லப்பின் டயர் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைக்க ஒரு ராத்திரி ஆகும். பிரான்சின் கிளெர்மான்-ஃபெரான் நகரில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திவந்த மிஷெலின் சகோதரர்களிடம் அப்படியொரு பஞ்சர் சைக்கிள் வந்து சேர்ந்தது. அதோடு மல்லுக்கட்டியதிலிருந்துதான் கழற்றி மாட்டும் டயர் பிறந்தது. 1891-இல் பாரிசிலிருந்து பிரெஸ்ட்வரை போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரோடு 72 மணி நேரத்துக்குள் வந்து வென்றார். வழியில் பஞ்சர் ஆகாததால் அல்ல. பஞ்சர் ஆனாலும் கழற்றி ஒட்டி மாட்ட முடிந்ததால்.

அந்த வேலை இன்றும் நம் தெருமுனை பஞ்சர் கடையில் அப்படியேதான் நடக்கிறது. டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கை கையாக அழுத்திக்கொண்டே போவார். ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தை அரத்தால் தேய்ப்பார். இதை நாம் சுத்தம் செய்வது என்று நினைத்துக்கொள்கிறோம். ரப்பரின் மேல்தோல் காற்று பட்டு மாறியிருக்கும். வார்ப்பில் பூசிய பொருளின் மிச்சமும் அதில் இருக்கும். அதன் மேல் எதுவும் ஒட்டாது. தேய்த்தால் புது ரப்பர் வெளிப்படும். பிறகு சொலூஷன். தடவிய கையோடு ஒட்டு வைக்கும்படி அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. நல்ல கைகாரர் வைக்க மாட்டார். "காயட்டும் தம்பி" என்பார். சொலூஷனில் இருப்பது கரைப்பானில் கரைந்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் இரண்டு ரப்பரும் ஒன்றோடொன்று கலந்து பிடிக்கும். ஈரமாக ஒட்டிய பேட்ச் பக்கத்து ஊர் போவதற்குள் பெயர்ந்துவிடும். வேதியியல் தெரிந்தவர்களைவிட அதை வேளாவேளைக்குச் செய்கிறவர்கள் இதில் பொறுமைசாலிகள்.

*

பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் கண்டுபிடித்த வித்தை அது. மரத்திலிருந்து வடியும் ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீளமானவை, இடியாப்பம் போல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. வெயிலில் இளகி ஒழுகும், குளிரில் விறைக்கும். கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இழைக்கும் இழைக்கும் இடையே அங்கங்கே முடிச்சு விழுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

ஆனால் முழுதாகத் திரும்பக் கொடுக்காது. ரப்பரை அமுக்க நாம் செலவழிக்கும் சக்தியில் ஒரு பங்கை அது தானே வைத்துக்கொண்டு சூடாக மாற்றிவிடும். இயற்பியலில் இதைத் தயக்கம் என்பார்கள். டயரின் நன்மை தீமை அனைத்தும் இந்த ஒரு குணத்தில் இருக்கிறது. உருளும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வந்து தட்டையாகி, மறுபடி வளைந்து மேலே போகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் டயரில் இது வினாடிக்கு ஏறக்குறைய பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு. காற்று குறைந்தால் டயர் அதிகம் தட்டையாகிறது, அதிகம் மடங்குகிறது, அதிகம் சூடாகிறது. கடுங்கோடையில் தேசிய நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால், "வெயிலுக்குக் காத்து விரிஞ்சு வெடிச்சிருச்சு" என்பார்கள். விரிவது உண்மைதான், ஆனால் பத்து டிகிரி சூடு ஏறினால் 32 பிஎஸ்ஐ டயரில் கூடுவது ஒன்றரை பிஎஸ்ஐ அளவுதான். நல்ல டயர் அதைத் தாராளமாகத் தாங்கும். வெடிப்பவை பெரும்பாலும் காற்று குறைந்து, மடங்கி மடங்கி, உள்ளே ரப்பரும் இழையும் பிரிந்துபோன டயர்கள். கொதிக்கும் டயரில் காற்றை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள் நோயை மருந்தென்று குடிக்கிறார்கள்.

இதை லாரிக்காரர்கள் புத்தகம் இல்லாமல் அறிந்தவர்கள். சேலத்துப் பக்கம் டீக்கடையில் லாரி நின்றதும் கிளீனர் டயர் லிவரோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று நிறைந்த டயர் 'டங்' என்று திருப்பித் தள்ளும். குறைந்தது 'தொப்' என்று சத்தத்தை விழுங்கிவிடும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருக்கும் இடத்தில் இந்தத் தட்டல் மிக முக்கியம். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்துகொண்டு வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக நிற்கும். இறங்கிய டயர் மடங்கிச் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும்.

நைலானா ரேடியலா என்ற விவாதமும் அந்த டீக்கடையில் ஓயாது. நைலான் டயரில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகப் பின்னியிருக்கும். ரேடியலில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும், அதன் மேல் உருக்குப் பட்டை சுற்றியிருக்கும். மிஷெலின் 1946-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ரேடியலில் பக்கச்சுவர் மட்டும் மடங்கும், தரையைத் தொடும் பகுதி நெளியாது. சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானம் மெது. "ஆனா ஓவர்லோடு போட்டா நைலான்தான் தாங்கும்" என்று பழைய டிரைவர் ஒருவர் சொன்னால் அவர் சும்மா சொல்லவில்லை. நைலானின் தடித்த பக்கச்சுவர் கல்லையும் குழியையும் அதிகப் பாரத்தையும் பொறுக்கும். ரேடியலின் மெல்லிய பக்கச்சுவர் கிழிந்தால் வேலை முடிந்தது. கார்க்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். 32-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காலால் உதைத்துப் பார்த்தாலும் தெரியாது. மானி ஒன்றுதான் வழி.

லாரி டயருக்கு இரண்டாம் பிறவியும் உண்டு. தரையைத் தொடும் பட்டன் தேய்ந்த பிறகு உடம்பு நன்றாக இருந்தால் மேலே புது ரப்பர் ஒட்டி வேகவைத்து ஓட்டுவார்கள், ரீபட்டன் என்பார்கள். திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1952-இல் இறங்கிய அடுத்த தொழில் இந்த ரீபட்டன் ரப்பர்தான். டயர் செய்தது அதற்கும் பிறகு. காற்று குறைவாக ஓடிய டயரை ரீபட்டன் போட முடியாது. மேலே ரப்பர் தேய்வதற்கு முன்பே உள்ளே உடம்பு கெட்டிருக்கும். அனுபவப்பட்ட முதலாளி டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்க்கிறார்.

காற்று விஷயத்தில் ஒரு பெரிய வழக்கு 2000-இல் அமெரிக்காவில் நடந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்தோல் வேகத்தில் உரிந்து, வண்டிகள் உருண்டன. 270 பேருக்கும் மேல் இறந்தார்கள். 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. வண்டி உருளாமல் சொகுசாகப் போக ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 வேண்டும் என்றது. அரசு விசாரணை டயரின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததாக முடிவு செய்தது. காற்றை மட்டும் பழி சொல்லி யாரும் தப்ப முடியவில்லை. ஆனால் வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களில்தான் விபத்துகள் குவிந்தன. குறையுள்ள டயர், குறைந்த காற்று, கொதிக்கும் சாலை மூன்றும் கூடும்போது பிழைக்க இடமில்லை. இன்று புது கார்களின் டேஷ்போர்டில் டயர் படத்தோடு எரியும் மஞ்சள் விளக்கு, அந்தச் சாவுகளுக்குப் பிறகு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக வந்தது.

*

இனி மழைக்கு வருவோம். பட்டன் எதற்கு என்று கேட்டால், "கிரிப்புக்கு" என்பார்கள். காய்ந்த தார்ச்சாலையில் பட்டனே இல்லாத வழவழப்பான டயர்தான் அதிகம் பிடிக்கும். பந்தயக் கார்கள் அதைத்தான் மாட்டுகின்றன. பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் இருப்பது தண்ணீருக்கு வழிவிட. வழி போதவில்லை என்றால் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பு போல நுழைந்து அதைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். பிரேக் இருக்கும், பலன் இருக்காது.

எந்த வேகத்தில் இது நேரும் என்பதை நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் ஹார்ன் விமான டயர்களை வைத்து ஆராய்ந்தார். பட்டனின் ஆழத்தை மீறித் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, டயர் மிதக்கும் வேகம் முக்கியமாகக் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டார். பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாக வரும். 32 பிஎஸ்ஐ டயர் 94-இல் மிதக்கும். அதே டயரில் காற்று 20-க்கு இறங்கியிருந்தால் 75-இலேயே மிதந்துவிடும். ஐப்பசி மழையில் இருபது கிலோமீட்டர் வேகத்தின் பாதுகாப்பை ஒரு நிமிடச் சோம்பலுக்கு விற்றுவிடுகிறோம்.

இதே கணக்கைச் சைக்கிளுக்குப் போட்டால் வியப்பான விடை வருகிறது. 80 பிஎஸ்ஐ டயர் மிதக்க மணிக்கு 149 கிலோமீட்டர் வேண்டும். சாதாரணச் சாலையில் எந்த மனிதக் காலும் சமதளத்தில் அதை மிதிக்காது. சைக்கிள் டயர் தண்ணீரில் மிதக்கவே மிதக்காது. எனவே தார்ச்சாலையில் ஓடும் சைக்கிளுக்குப் பட்டன் தேவையே இல்லை. பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் இதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். கம்பெனிகளோ இன்னும் ரோடு டயரில் மெல்லிய கோடுகளை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. மொழுமொழு டயரை வாங்கக் கைகள் தயங்குகின்றன, அதுதான் காரணம். மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்குப் பட்டன் வேண்டும். அங்கே அது மண்ணைக் கவ்விப் பிடிக்கிறது.

கார்க்காரர்களுக்கு இன்னொரு தலைகீழ் உண்மை. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னால் மாட்டச் சொல்கிறோம். இழுப்பதும் வளைவதும் முன் சக்கரம்தானே என்று. டயர் நிறுவனங்கள் பின்னால் மாட்டச் சொல்கின்றன. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநர் அதிலிருந்து மீள்வது அரிது.

*

சைக்கிள்காரர்களின் துயரம் டயர் வாங்கும் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. "26 டயர் ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப்போய் மாட்டினால் ஏறாது. 26 × 1⅜ என்ற பழைய அளவின் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1.75 என்ற கியர் சைக்கிள் அளவுக்கு 559. இரண்டுக்கும் பெயர் 26, இடையே 31 மில்லிமீட்டர். நம் அப்பாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு ரிம் 635. புதிதாக வந்த 29 அங்குல சைக்கிளுக்கு 622. அதாவது 29-ஐவிட 28 பெரிது! முதலில் இந்த எண்கள் டயரின் வெளி விட்டத்தைக் குறித்தன. டயர் மெலிந்தும் தடித்தும் போனபோது ரிம்கள் மாறின, பெயர் மட்டும் தங்கிவிட்டது. டயரின் பக்கத்தில் 37-590 என்பதுபோலச் சின்னதாக ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். அதைச் சொல்லிக் கேட்டால் ஒரு நடை மிச்சம்.

அகலத்தில்தான் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிய மனமாற்றம் நடந்திருக்கிறது. மெல்லிய டயர், கல்போல காற்று என்பதே வேகம் என்று பந்தயக்காரர்கள் நம்பினார்கள். 23 மில்லிமீட்டர் டயரில் 120 பிஎஸ்ஐவரை ஏற்றினார்கள். ஆய்வுக்கூடத்தில் வழவழப்பான இரும்பு உருளை மேல் டயரை ஓடவிட்டு அளந்தால் அது சரியாகவும் தெரிந்தது. அந்த உருளையின் மேல் ஆள் உட்காரவில்லை. சியாட்டிலைச் சேர்ந்த யான் ஹைன் உண்மைச் சாலையில், மனிதர் மிதிக்க, சக்தி அளக்கும் கருவியோடு சோதித்தார். கரடுமுரடான இடத்தில் கல்போன்ற டயர் ஒவ்வொரு மேட்டிலும் ஆளையும் சைக்கிளையும் தூக்கிப்போடுகிறது. அந்த அதிர்வு தொடையிலும் முதுகிலும் முழங்கையிலும் சூடாகக் கரைகிறது. மிதித்த சக்தி முன்னே போகாமல் உடம்பைக் குலுக்கச் செலவாகிறது. அகலமான டயரில் காற்றைக் குறைத்தால் மேடு டயருக்குள் அமுங்கிப்போகும்; ஆள் நேராகப் போவார். பந்தயக்காரர்களும் மாறினார்கள். இன்று 28, 30 மில்லிமீட்டர் டயர்களில்தான் உலகப் பந்தயங்கள் நடக்கின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டுகிறவர்கள் இதை உடம்பால் அறிவார்கள். புதுத் தார் போட்ட இடத்தில் கல்போன்ற டயர் பறப்பது போலிருக்கும். உள்ளூர்ச் சாலையில் திரும்பியதும் கை மரத்துவிடும். கை மரக்கும் சைக்கிள் வேகமாக இருப்பதுபோலத் தோன்றும், அதுதான் ஏமாற்று.

எவ்வளவு காற்று என்பதற்கு அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோ ஓர் அளவு சொன்னார்: ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 32 மில்லிமீட்டர் டயர் என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. பின் சக்கரத்தில் பாரம் அதிகம் என்பதால் பின்னால் கூடுதல் காற்று. அதைவிடக் குறைந்தால் குழியில் விழும்போது ரிம் டியூபைக் கடித்துப் பாம்புக்கடி போல இரண்டு ஓட்டை போடும். மோட்டார் சைக்கிளிலும் இதே நியாயம்தான். பின்னால் ஒருவரை ஏற்றினால் பின் டயருக்கு எவ்வளவு என்பதைச் செயின் கவரிலோ கையேட்டிலோ தனியாகக் குறித்திருப்பார்கள். குடும்பமே ஏறும் நம் ஊரில் அந்த எண்ணைப் படித்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

*

சரி, எந்த டயர் வாங்குவது? மூன்று குணங்கள் ஒன்றோடொன்று இழுபறி செய்கின்றன: பிடிப்பு, மைலேஜ், உழைப்பு. மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். தயக்கம் குறைந்த ரப்பர் சூடாகாது, எரிபொருள் மிச்சமாகும். ஈரத்தில் பிடிக்காது, ஏனென்றால் பிடிப்புக்கும் அதே தயக்கம்தான் வேண்டும். ஆரம்பத்தில் டயர்கள் வெளுப்பாக இருந்தன. கரித்தூள் சேர்த்ததும் கறுத்தன, உழைப்பு பல மடங்கு கூடியது. 1992-இல் மிஷெலின் கரித்தூளின் பெரும்பங்கை எடுத்துவிட்டு மணலின் உறவான சிலிக்காவைச் சேர்த்தது. டயர் உருள்வது வினாடிக்குப் பத்துப் பதினைந்து மடங்கல். சாலையின் நுண்பரல்கள் ரப்பரைத் தட்டுவதோ வினாடிக்குப் பல்லாயிரம் முறை. மெதுவான மடங்கலில் சக்தியை வீணாக்காமல், வேகமான தட்டலில் மட்டும் தயங்குகிற ரப்பர் சிலிக்காவால் வசப்பட்டது. இழுபறி தீரவில்லை, கொஞ்சம் தளர்ந்தது. அதற்குத்தான் நல்ல டயருக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கடையில் 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று மட்டும் கேட்கிறவருக்கு, அதிகம் ஓடி மழையில் வழுக்கும் டயரைக் கொடுத்தால் அது கடைக்காரர் குற்றம் ஆகாது. மழையில் எப்படி என்று முதலில் கேளுங்கள்.

பக்கச்சுவரில் '165/80 ஆர்14 85டி' என்றிருந்தால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 80 சதவீதம், ரேடியல், 14 அங்குல ரிம். 85 என்ற குறியீடு 515 கிலோவரை தாங்கும் என்பதைச் சொல்கிறது. டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர். அழகுக்காக அகல டயரும் பெரிய அலாய் வீலும் மாட்டுகிறவர்கள் இந்தப் பாரக் குறியீடு குறையாமல் பார்க்க வேண்டும். பக்க உயரம் குறையக் குறைய உள்ளே காற்றுக்கு இடம் குறையும். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் ரிம்முக்கு அடி.

நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஓடாமல் நின்றாலும் டயர் கிழடாகும். காற்றிலுள்ள ஓசோன் ரப்பர் இழைகளை அறுக்கிறது. அதைத் தடுக்கக் கலந்த வேதிப்பொருள்கள், டயர் உருண்டு மடங்கும்போதுதான் உள்ளிருந்து மேலே கசிந்து வந்து காக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்குமாடி நிறுத்தத்தில் துணி போர்த்தி நிற்கும் கார்களின் டயர்களைக் குனிந்து பாருங்கள். பட்டன் புதுசாக இருக்கும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும்.

நைட்ரஜன் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 வகை டயர்களை ஓராண்டு நிறுத்திவைத்து அளந்தது. நைட்ரஜன் டயர் சராசரியாக 2.2 பிஎஸ்ஐ இழந்தது, காற்று டயர் 3.5. வித்தியாசம் உண்மை, ஆனால் மாதம் ஒருமுறை மானி வைத்துப் பார்க்கிறவருக்கு அது தேவையில்லை. பார்க்காதவரை நைட்ரஜனும் காப்பாற்றாது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் பெட்ரோல் 0.2 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். பத்து குறைந்தால் இரண்டு சதவீதம். பணத்தைவிட, அந்தப் பத்துக்குறைவு மழையிலும் சூட்டிலும் என்ன செய்யும் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எந்த எண்ணை வைப்பது? டயர் மேல் அச்சடித்த அதிகபட்ச அழுத்தத்தை அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதை. காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற வரியைப் பார்த்து. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் சேர்த்து. அதை ஸ்டிக்கரில் சொன்னதைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூட்டியே வைத்திருங்கள். நடுவழியில் அதிகக் காற்றை இறக்கிவிடலாம், இல்லாததை ஏற்ற முடியாது.